காற்றுக் கம்பத்தின் எண்கள் ஒத்துவராதபோது: நெல்லைச் சீமைக்கான பிழை நீக்கும் வழிமுறை

தரையை ஒட்டி வீசும் காற்றை அளக்கக் கம்பம் நட்டவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: இந்த எண் கருவியின் கோளாறா, காற்றின் குணமா? வயல் எவ்வளவு தண்ணீரை ஆவியாக்குகிறது, செம்மண் புழுதி எங்கே கிளம்பி எங்கே படிகிறது, செங்கல் சூளைப் புகை எந்தத் தெருவில் இறங்குகிறது என்பதெல்லாம் தரைக்கு மேல் சில பத்து மீட்டருக்குள் நடக்கிற காரியம். அந்த உயரத்தில் ஒரு பனைமரமோ மோட்டார் கொட்டகையோ இருந்தால்கூட அளவு மாறிவிடும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேகாத்து, மலை இடைவெளிகள் வழியாக இறங்கி, மேற்கிலிருந்து ஒரே மூச்சாக அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை. இரண்டும் ஓய்ந்திருக்கும் நாட்களில் பிற்பகலில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கடற்காற்று. இப்படிப் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவதால், ஒரு திசையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அரை வருடம் ஒளிந்திருக்கும். ஆடியில் சுத்தமாகத் தெரிந்த தரவு கார்த்திகையில் குழம்பும்.

ஆகவே எந்த அறிகுறியானாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சந்தேகப்படும் அளவை நேரத்தோடு வரையாமல், காற்றின் திசையோடு வரையுங்கள். பாதிப் பிழைகள் அந்தப் படத்திலேயே முகம் காட்டிவிடும்.

வேகம் பல மணி நேரம் ஒரே எண்ணில் நிற்கிறது

அந்த எண் 0.2, 0.3 மாதிரி சின்னதாக இருந்தால் கப் (காற்றில் சுற்றி வேகத்தைக் காட்டும் கிண்ணக் கருவி) சுற்றவில்லை என்று பொருள். கப்பின் துடிப்புகளை வேகமாக மாற்றும் அளவுத்திருத்தச் சமன்பாட்டில் கடைசியில் கூட்டும் மாறிலியை, தரவைப் பதியும் லாகர் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறது. கப் சுற்றாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: காற்றே இல்லை, அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது.

மார்கழி, தை இரவுகளில் முதல் காரணம் சாதாரணம். வானம் தெளிந்து தரை குளிர்ந்தால், தரையை ஒட்டிய காற்று கனத்துப் படுத்துவிடும். மேலே வீசும் காற்றோடு அதற்குத் தொடர்பு அறுந்துபோகும். பணகுடி, ராதாபுரம் பக்கம் 80 மீட்டர் உயரத்தில் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்க, கீழே வாழையிலைகூட அசையாது. அது உண்மையான அளவு, அழிக்காதீர்கள். ஆடி மாதத்தில் இரவு முழுக்கக் கீழே அதே சின்ன எண் நின்றால் மட்டும் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

பேரிங் ஒரே நாளில் சாகாது. புதிய கப் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்திலேயே சுற்றத் தொடங்கும். செம்மண் தூசியோ, உவரி, இடிந்தகரைப் பக்கத்து உப்போ ஏற ஏற அந்தத் தொடக்க வேகம் உயர்ந்துகொண்டே போகும். பக்கத்துக் கப்போடு விகிதம் போட்டுப் பாருங்கள். பலத்த காற்றில் இரண்டும் ஒத்துப்போய், மெல்லிய காற்றில் மட்டும் ஒன்று பின்தங்கினால் சந்தேகமே வேண்டாம், பேரிங்தான். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் பின்தங்கினால் லாகரில் தவறான அளவுத்திருத்த எண் ஏறியிருக்கிறது. அதற்குக் கம்பம் ஏறத் தேவையில்லை.

நடுராத்திரியில் 37 மீட்டர் வேகம்

சூறாவளி இல்லாத இரவில் வினாடிக்கு 37, 38 மீட்டர் என்று கோடு போட்ட மாதிரி வந்தால், பக்கத்தில் பம்ப்செட் எப்போது ஓடியது என்று கேளுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடுவார்கள். கப்பின் கேபிள் மோட்டார் ஒயரோடு சேர்ந்து ஓடினால், வினாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்தை லாகர் 50 துடிப்பாக எண்ணிவிடும். ஒரு துடிப்புக்கு முக்கால் மீட்டர் என்கிற வகைக் கப்பில் அது 37.5. கேபிளைப் பிரித்துத் தனியாகக் கொண்டுபோங்கள். உறைக்கம்பியை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். அந்த நேரத்துத் தரவைக் காப்பாற்ற முடியாது, விட்டுவிடுங்கள்.

வாடை வீசுகிறது, திசை தெற்கு என்று பதிவாகிறது

350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்குதான். இரண்டின் வெறும் சராசரி 180, அதாவது தெற்கு. லாகரில் திசைக்குச் சாதாரணச் சராசரி போட்டிருந்தால் மேகாத்துக் காலம் முழுவதும் யாருக்கும் தெரியாது, 270 டிகிரியைச் சுற்றி எல்லாம் ஒழுங்காக இருக்கும். வாடை திரும்பிய அன்றுதான் வெளியே வரும். லாகர் நிரலில் திசையன் சராசரிக்கு மாற்றுங்கள்: ஒவ்வொரு மாதிரியையும் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என இரண்டு கூறாகப் பிரித்துச் சராசரி கண்டு, பிறகு கோணமாக்க வேண்டும். பழைய தரவில் தனித்தனி மாதிரிகள் இருந்தால் மீண்டும் கணக்கிடலாம். சராசரி மட்டும்தான் இருக்கிறதென்றால், திசையின் சிதறல் அளவு மிதமிஞ்சிப் போன நேரங்களைக் குறித்து ஒதுக்குங்கள்.

மின்தடையில் இயங்கும் திசைமானியில் சில டிகிரிக்குத் திசை பதிவாகாத ஓர் இருட்டு இடைவெளியும் உண்டு. வழக்கமாக அதை வடக்குப் பார்த்து வைப்பார்கள். அதை உங்கள் இடத்தில் காற்றே வராத திசைக்குத் திருப்பிவைத்து, லாகரில் அந்தக் கோணத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

எல்லாத் திசையும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது

வடக்கைக் காம்பஸ் வைத்துப் பிடித்திருப்பார்கள்.   இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான வித்தியாசம் மிகச் சிறியது. காற்றுத் திசைக்கு அது பொருட்டே இல்லை. 10, 15 டிகிரி தள்ளிப்போனால் கம்பத்தின் இரும்பு காம்பஸை இழுத்திருக்கிறது. கம்பத்திலிருந்து இருபது அடி விலகி நின்று பாருங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் நடுப்பகல் நிழலைப் பயன்படுத்துங்கள். நம் தீர்க்கரேகையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.19 மணிக்கு, பிப்ரவரியில் 12.33 வரை தள்ளும், நவம்பரில் 12.03 வரை முந்தும். அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழல் சரியாகத் தெற்கு வடக்காக விழும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இருக்கும், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழலின் நுனி தெற்கைக் காட்டும்.  அப்போது நிழல் நுனிதான் வடக்கு என்று நம்பிவிட்டால் 180 டிகிரி பிழை.

கடற்காற்று காலையிலேயே வந்துவிடுகிறது

கடிகாரம். லாகர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. வெயில்மானி இருந்தால் தெளிந்த நாளின் உச்சத்தைப் பாருங்கள், 6.50 மணி வாக்கில் உச்சம் வந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு திசையில் மட்டும் வேகம் குறைகிறது

ஒரே உயரத்தில் எதிரெதிராக இரண்டு கப் இருந்தால், அவற்றின் விகிதத்தைத் திசையோடு வரையுங்கள். சட்டென்று ஒரு குழி விழுந்தால் அது கம்பத்தின் நிழல், அதாவது கம்பம் காற்றை மறைக்கும் இடம். கப்பைத் தாங்கும் குறுக்குக் கையை நீட்டுங்கள்; குழாய்க் கம்பமானால் விட்டத்தைப்போல் எட்டு மடங்காவது கப் விலகியிருக்க வேண்டும். ஒரே ஒரு கப்தான் வைக்க முடியும் என்றால் கையைத் தெற்கே நீட்டுவது நம் பக்கத்துக்குப் பொருந்தும். மேகாத்தும் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் பக்கவாட்டில் படும், நேர் வடக்குக் காற்று மட்டுமே நிழலில் சிக்கும்.

இரண்டு கப்பும் சேர்ந்தே குறைந்தால் தடை வெளியே இருக்கிறது. உலக வானிலை அமைப்பின் விதி, தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்காவது கம்பம் தள்ளியிருக்க வேண்டும் என்பது. 20 மீட்டர் பனைக்கு 200 மீட்டர். திசையன்விளை, உடன்குடி வட்டாரத்தில் நாலு பக்கமும் 200 மீட்டருக்குப் பனை இல்லாத இடம் தேடினால் அலுத்துப்போவீர்கள். அங்கே செய்யக்கூடியது, எந்தக் கோணத்தில் எந்தத் தோப்பு என்று வரைபடத்தில் குறித்து, அந்தத் திசைத் தரவைத் தனிக் குறியோடு வைப்பது. வடலிகளையும் (இளம் பனைகளையும்) விட்டுவிடாதீர்கள். இன்று இடுப்பளவு நிற்கும் வடலி நீண்டகால அளவீட்டில் தடையாக வளர்ந்துவிடும்.

காற்றாலையைத் தாண்டி வரும் காற்றில் கம்பம் இருந்தால் கணக்கே வேறு. சுழலியின் பின்னால் வரும் கலங்கிய காற்று சுழலி விட்டத்தைப்போல் பத்து மடங்குக்கு மேலும் போகும். 80 மீட்டர் சுழலிக்கு அது 800 மீட்டரைத் தாண்டும். வேகம் குறைவதோடு கொந்தளிப்பும் கூடும். ஆலை நிறுத்தியிருந்த நேரத்துத் தரவு கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயரத்துக்கு உயரம் வேகம் நேர்கோட்டில் விழவில்லை

உயரத்தை மடக்கை அளவில் வைத்து வேகத்தை வரைந்தால் நேர்கோடு வரவேண்டும் என்று பாடத்தில் படித்திருப்போம். வராவிட்டால் வரிசையாக மூன்றைப் பாருங்கள்.

முதலில், எந்த நேரத்துத் தரவு? நேர்கோடு என்பது தரை சூடாகவும் இல்லாமல் குளிர்ச்சியாகவும் இல்லாத நடுநிலைக்குத்தான். உச்சி வெயிலிலும் தெளிந்த இரவிலும் கோடு வளையத்தான் வேண்டும். அந்த வளைவைக் கணக்கில் கொள்ளும் முறையை மொனின், ஓபுகோவ் என்ற இரு சோவியத் அறிஞர்கள் 1954-ல் கொடுத்தார்கள். மேகமூட்டத்தோடு பலத்த காற்று வீசும் ஆடிப் பிற்பகலை மட்டும் பொறுக்கி எடுங்கள். நிலத்தின் கரடுமுரடு அளவை (நிலம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதை) கண்டுபிடிக்க அதைவிட நல்ல நேரம் நமக்குக் கிடையாது.

இரண்டாவது, பயிர். நெல் வளர வளரக் காற்றுக்குத் தரையே மேலே ஏறிவிடுகிறது. பயிர் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துவிட்டுத்தான் உயரத்தை அளக்க வேண்டும். அந்தக் கரடுமுரட்டை நீளமாகச் சொல்லும் கரடுமுரடு நீளம், பயிர் உயரத்தில் சுமார் பத்தில் ஒன்று. ஒரு கணக்குப் பாருங்கள். 10 மீட்டரில் வினாடிக்கு 6 மீட்டர் காற்று. நடவுக்கு முன் காய்ந்து கிடக்கும் வெற்று நிலத்தில், கரடுமுரடு நீளம் ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால், 2 மீட்டரில் 4.6 வரும். அதே காற்று, 90 சென்டிமீட்டர் நெல் நிற்கும்போது 2 மீட்டரில் 3.5. கருவியில் எதுவும் மாறவில்லை, பயிர்தான் வளர்ந்தது. ஆவியாதல் கணக்குக்காக 10 மீட்டர் வேகத்தை 0.75 ஆல் பெருக்கி 2 மீட்டருக்கு இறக்குவது பரவலான வழக்கம். அது 12 சென்டிமீட்டர் புல்தரைக்காக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) கொடுத்த சூத்திரத்திலிருந்து வருவது. கதிர் முற்றிய வயலில் அதைப் போட்டால் வேகம் கூடுதலாக வரும். பயிர் உச்சியை உரசுகிற மாதிரி வைத்த கப் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது, அதை மேலே ஏற்றுங்கள்.

மூன்றாவது, கோட்டில் ஒரு முறிவு. கீழ்க் கப்புகள் ஒரு கோட்டிலும் மேல் கப்புகள் வேறு கோட்டிலும் விழுந்தால், காற்று ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கீழே வயலின் காற்று. மேலே இன்னும் பழைய நிலத்தின் காற்று. புது நிலத்தின் குணத்தை முழுதாக ஏற்ற அடுக்கு, நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வளரும். 3 மீட்டரில் அளக்கும் கருவிக்குக் காற்று வரும் பக்கம் 300 மீட்டர் ஒரே மாதிரி வயல் வேண்டும். தாமிரபரணி வயல்வெளி நீளவாக்கில் நீண்டு, அகலத்தில் குறுகிக் கிடப்பதால் இது இங்கே முக்கியம். சேரன்மகாதேவிப் பக்கம் ஆறு பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. நேர் மேகாத்து வயல்மேலேயே வரும். கொஞ்சம் திரும்பித் தென்மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடித்தால் மானாவாரிப் புஞ்சையையும் உடைமரக் காட்டையும் தாண்டி வரும். இருபது முப்பது டிகிரி மாறினாலே கம்பம் வேறொரு நிலத்தை அளக்கத் தொடங்கிவிடும்.

சோனிக் கருவியில் செங்குத்து வேகம் பூஜ்யமாகவில்லை

சோனிக் என்பது ஒலித் துடிப்பை வைத்து, மேல் கீழ் ஓட்டம் உட்படக் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. அதன் அரை மணிச் சராசரியில் மேல்நோக்கிய வேகம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கருவி ஒரு டிகிரி சாய்ந்தாலே, 6 மீட்டர் காற்றில் 0.1 மீட்டர் பொய்யான மேலேற்றம் தெரியும். திசையோடு வரைந்தால் ஒரே ஓர் அலையாக வரும். அது சாய்வு, நிரலில் அச்சுச் சுழற்சி செய்தால் சரியாகிவிடும். மலையடிவாரச் சரிவிலும் இதே அலைதான் வரும், இதே திருத்தம்தான். அலையில் ஓரிடத்தில் மட்டும் முள் மாதிரிக் குத்தினால் அந்தத் திசையில் கம்பமோ கையோ குறுக்கே நிற்கிறது.

திடீர்த் தாவல்கள் வந்தால் மழைத்துளி, பனித்துளி, சிலந்தி நூல் என்று இந்த வரிசையில் பாருங்கள். சோனிக் காட்டும் வெப்பநிலை தெர்மாமீட்டரைவிட இரண்டரை, மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். ஈரப்பதம் ஒலியின் வேகத்தைக் கூட்டுகிறது. ஒரு கிலோ காற்றில் 18 கிராம் ஆவி இருந்தால் அந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

வெப்பக் கணக்கு சமமாகவில்லை

நிகரக் கதிர்வீச்சிலிருந்து (நிலம் வாங்கியதில் திருப்பி அனுப்பியது போக மீதி) தரைக்குள் போனதைக் கழித்தால் மீதி, காற்றைச் சூடாக்கும் வெப்பமும் (உணர்வெப்பம்) ஆவியாக்கும் வெப்பமும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தொகை 10 முதல் 30 சதவீதம் வரை குறைந்தே வருகிறது. அதற்குள் இருந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் தண்ணீர் நிற்கும் வயலில் வேறொரு ஓட்டை இருக்கிறது. மண்ணுக்குள் புதைத்த வெப்பத்தகடு, மேலே நிற்கும் தண்ணீர் உள்வாங்குவதை அளப்பதில்லை. 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி சூடாகச் சதுர மீட்டருக்கு 58 வாட் வேண்டும். காலையில் கணக்கு உதைப்பதற்கு இது ஒன்றே போதும். தண்ணீருக்குள் ஒரு வெப்பமானி போடுங்கள், ஆழத்துக்கு ஒரு அளவுகோல் நடுங்கள். வயல்கார அண்ணாச்சியிடம் மடை எப்போது திறந்தார், எப்போது அடைத்தார் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளைவிடவும் உதவும்.

கொளுத்தும் நண்பகலில் உணர்வெப்பம் எதிர்மறையாக வருகிறது

கார் பயிர்க் காலத்தில் இது வரும். வந்ததும் "பிழை" என்று அழித்துவிடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு நிரல்கள் சில தாமாகவே அழித்துவிடுகின்றன. தயவுசெய்து நிறுத்திப் பாருங்கள்.

வெயிலில் தரை சூடாகிக் காற்றைச் சூடாக்க வேண்டும், அதனால் பகலில் உணர்வெப்பம் நேர்மறை. சரி. ஆனால் மலையிறங்கி, மழை மறைவு நிலத்தின்மேல் காய்ந்து வரும் மேகாத்து ஈர வயலில் ஏறும்போது, காற்று வயலைவிடச் சூடாக இருக்கிறது. வயல் கதிரவனிடமிருந்து மட்டுமல்லாமல் காற்றிடமிருந்தும் வெப்பம் வாங்கி ஆவியாக்குகிறது. எடுத்துக்காட்டாக, நிகரக் கதிர்வீச்சு 500 வாட் என்று வையுங்கள். ஆவியாதலுக்கு 520, தண்ணீரும் மண்ணும் எடுத்துக்கொள்வது 40, காற்றிலிருந்து வயலுக்கு வருவது 60. கணக்கு நேராகிறது, ஆவியாதல் கதிர்வீச்சைத் தாண்டிவிட்டது. 500 வாட் என்பது மணிக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். இந்த நேரங்களை அழித்துவிட்டு மற்றவற்றை வைத்து நிரப்பினால், கால்வாய்க்கு எவ்வளவு தண்ணீர் திறக்க வேண்டும் என்ற கணக்கில் கார் பருவத்தின் தேவை குறைத்துக் காட்டப்படும். பயிர் கருகும்போது அந்தக் குறை தெரியும்.

உண்மையா, கோளாறா என்று பிரிக்க, முதலில் கருவியின் கூட்டல் கழித்தல் குறியைச் சரிபாருங்கள்: காய்ந்த புஞ்சைப் பக்கமிருக்கும் இன்னொரு கருவியில், அல்லது நடவுக்கு முந்தைய தரவில், பகல் நேர்மறையாக இருக்கிறதா? இருந்தால் குறி சரி. அப்புறம் இரண்டு உயரத்து வெப்பமானிகளைப் பாருங்கள். வயலுக்குச் சற்று மேலே இருப்பதைவிட உயரத்தில் இருப்பது பகலிலேயே சூடாக இருந்தால் வெப்பம் கீழ்நோக்கித்தான் போகிறது. மூன்றாவது, திசை: புஞ்சையைத் தாண்டிவரும் கோணங்களில் எதிர்மறை கூடுதலாகவும், வயல்மேலேயே வரும் கோணத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும்.

சோனிக் தரவில் இன்னொரு திருத்தம் விட்டுப்போயிருக்கலாம். அது அளக்கும் வெப்பநிலையில் ஈரமும் கலந்திருப்பதால், ஆவியாதலில் ஏறக்குறைய 6 சதவீதம் உணர்வெப்பத்தோடு சேர்ந்துவிடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 33 வாட். திருத்தாமல் விட்டால் கழித்தல் 60 என்பது கழித்தல் 27 ஆகத் தெரியும். பூஜ்யத்தை ஒட்டியதால் கருவியின் ஊசலாட்டம் என்று கடந்துபோய்விடுவோம். ஈர வயலில் இந்தத் திருத்தம் கட்டாயம்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால், அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்து வயல் காய்ந்த நாட்களின் தரவைத் தனியே எடுங்கள். கதிர் பழுத்து, மண் வெடிப்பு விடும்போது ஆவியாதல் சரிய வேண்டும், நண்பகல் உணர்வெப்பம் நேர்மறைக்குத் திரும்ப வேண்டும். திரும்பியிருந்தால் முன்பு கண்டது காற்றின் வேலை. அந்த நேரங்களுக்குத் தனிக் குறியிட்டு முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த வயலிலும் எதிர்மறையாகவே நின்றால், கருவியை இறக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.